‘ஹேங் ஆன்’ என்றால் போனை வைத்துவிடுவதா?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலிருந்து கல்லூரி திறக்கும் வரை ஊரெங்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளின் துண்டறிக்கைதான். செய்தித்தாளுக்குள் மடிந்து வருகிறது, பேருந்து நிழற்குடையில் ஒட்டப்பட்டிருக்கிறது. செல்பேசியைத் திறந்தால் ‘தினம் ஒரு இடியம்’ என்று ஒரு நிமிட வீடியோ. பிள்ளைகள் படிக்காமல் இல்லை. பெற்றோர் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிறார்கள். ஆனால் அந்த உழைப்பு தவறான இடத்தில் கொட்டப்படுகிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் கலைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பி.காம். இறுதியாண்டு மாணவி ஒருத்தி, பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் நேர்காணல். வீட்டில் சத்தமாக இருக்கும் என்று துறை அறையிலேயே உட்காரச் சொன்னேன். பக்கத்தில் நானும் இருந்தேன்.

நன்றாகத்தான் பேசினாள். பெயர், ஊர், ப்ராஜெக்ட், கணக்குப் பதிவியலில் இரண்டு கேள்வி, எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அப்போது எதிர்முனையில் இருந்தவர் ஏதோ தாளைத் தேடுகிற குரலில், ‘ஹேங் ஆன் அ செகண்ட்’ என்றார். அவள் முகம் சுருங்கியது. ‘ஓகே சார், தேங்க்யூ சார்’ என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

“வச்சிடச் சொல்லிட்டாங்க மேம்” என்றாள்.

திரும்ப அழைத்தோம். அது அலுவலகப் பொது எண், யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அழைப்பு வரவில்லை. ‘ஹேங் அப்’ என்றால் போனை வைப்பது. ‘ஹேங் ஆன்’ என்றால் வைக்காமல் காத்திருப்பது. வினை ஒன்றுதான், ஒட்டிக்கொண்ட சின்னச் சொல் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது.

அவள் மேசையில் வைத்திருந்த நோட்டைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். சிவப்பு மையில் மரபுத்தொடர், நீல மையில் பொருள், வரிசை எண்ணோடு 200 இருந்தன. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’, ‘கிக் த பக்கெட்’, ‘ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்’. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. எத்தனை இரவு உட்கார்ந்து எழுதியிருப்பாள்! அந்த 200-ல் ‘ஹேங் ஆன்’ இல்லை.

நோட்டில் இருந்ததும் காதில் விழுந்ததும்

ஆங்கிலத்தில் இரண்டு வகைத் தொடர்களை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒன்று மரபுத்தொடர். பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது என்பதைப் போல, படம் காட்டிப் பேசுவது. மற்றது ‘ஃப்ரேசல் வெர்ப்’. சாதாரண வினை ஒன்று, கூடவே ‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போல ஒரு சின்னச் சொல். இந்தப் பெயரே புதியது. எழுத்தாளர் லோகன் பியர்சல் ஸ்மித் 1925-ல் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. ஆனால் அந்த வழக்கு பல நூற்றாண்டுப் பழசு.

முதல் வகை எப்போதாவது வருகிறது. ஆங்கில மரபுத்தொடர்களைக் கணினித் தொகுப்பில் எண்ணிப் பார்த்த ரோசமண்ட் மூன் என்ற ஆய்வாளர், அவற்றில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு முறைகூட வருவதில்லை என்று 1998-ல் காட்டினார். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பக்கெட்டும் நீல நிலாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை வாய் திறந்தால் வருகிறது. கார்ட்னர், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பை ஆராய்ந்து 2007-ல் சொன்ன கணக்கு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. வெறும் 20 வினைகள், 8 சின்னச் சொற்கள். இவை ஒன்றோடொன்று சேர்ந்து வருவதே அந்தத் தொகுப்பில் உள்ள ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல். அதிகம் வழங்கும் 100-ஐக் கற்றாலும் பாதி கைக்கு வந்துவிடும். ‘கோ ஆன்’, ‘கேரி அவுட்’, ‘செட் அப்’, ‘பிக் அப்’ எல்லாம் அந்தப் பட்டியலின் தலையில் இருப்பவை.

200 மரபுத்தொடரைக் கண்ணீர் மல்க உருப்போட்ட பெண்ணுக்கு, இந்த 100 போதும் என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்களாகிய எங்கள் மீதும் அந்தக் குறை உண்டு.

ஓடுபாதையில் இரண்டு சொல்

வேலை போவதோடு இது நின்றுவிடுகிறதா? உயிரே போயிருக்கிறது.

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம், கடும் மூடுபனி. டச்சு விமானம் ஒன்று புறப்பட ஓடத் தொடங்கியது. துணை விமானி வானொலியில் ‘வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்’ என்ற பொருள்படச் சொன்னார். ‘கிளம்பிக்கொண்டிருக்கிறோம்’ என்பது அவர் எண்ணம். ‘கிளம்பும் இடத்தில் நிற்கிறோம்’ என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. அதே ஓடுபாதையில் எதிரே அமெரிக்க விமானம் ஒன்று இருந்தது. 583 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இந்தச் சொற்குழப்பம். அதன் பிறகு ‘டேக் ஆஃப்’ என்பதை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும் என்று வானொலி மொழி திருத்தப்பட்டது.

1990 ஜனவரி 25-ல் கொலம்பிய விமானம் ஒன்று நியூயார்க்கின் மேலே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தது. ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்’ என்று துணை விமானி சொன்னார். எரிபொருள் தீரப்போகிறது என்பது உண்மை. ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை அவர் சொல்லவேயில்லை. எரிபொருள் குறைகிறது என்று எல்லா விமானமும் சொல்வதுதானே என்று கீழே இருந்தவர்கள் கடந்துபோனார்கள். 158 பேரில் 73 பேர் உயிரிழந்தார்கள்.

வானத்தில் நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மருத்துவமனைக்கு வாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குச் செல்லும் செவிலியர்கள் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகம் ‘வாமிட்’ என்கிறது. நோயாளி ‘த்ரோ அப்’ என்கிறார். புத்தகம் ‘ரீகெய்ன் கான்ஷியஸ்னஸ்’ என்கிறது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி ‘ஹி இஸ் கமிங் ரவுண்ட்’ என்கிறார்.

என் பழைய மாணவி ஒருத்தி அங்கே செவிலியராக இருக்கிறாள். முதல் மாதத்தில் ஒரு மூதாட்டியின் மகள் ஓடிவந்து, ‘ஷி பாஸ்டு அவுட் இன் த பாத்ரூம்’ என்றாராம். நம் ஊரில் ‘பாஸ்டு அவுட்’ என்றால் படிப்பை முடித்தது. ‘2019 பாஸ்டு அவுட்’ என்று பயோடேட்டாவிலேயே எழுதுகிறோம். அங்கே அது மயங்கி விழுந்தது. “அரை நொடிதான் மேம், ஆனா அந்த அரை நொடி கால் நகரல” என்றாள்.

நம் ஊர் வழக்கைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கானவர்கள் பேசுகிற ஆங்கிலம் அது. ஆனால் வெளியே போகிற பிள்ளைக்கு, இதே சொல் அங்கே வேறு பொருளில் வரும் என்று சொல்லி அனுப்ப வேண்டாமா?

‘தள்ளிப்போடு’ தெரிந்தவனுக்கு ‘புட் ஆஃப்’ புதிதா?

இந்தத் தொடர்களுக்கு இலக்கணமே இல்லை, உருப்போட்டுத்தான் ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். நானும் பல ஆண்டு அப்படித்தான் சொன்னேன். தமிழ் பேசுகிற பிள்ளையிடம் அப்படிச் சொல்வது அநியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

‘விடு’ என்ற ஒரு வினையைப் பாருங்கள். மூச்சு விடுகிறோம், பட்டம் விடுகிறோம், கதை விடுகிறோம், பள்ளிக்கு லீவு விடுகிறார்கள், புதிய வழித்தடத்தில் பஸ் விடுகிறார்கள். ‘கை’ சேர்ந்தால் கைவிடு. ‘வாய்’ சேர்ந்தால் வாய்விட்டு அழு. சாப்பிட்டு என்பதோடு சேர்ந்தால் சாப்பிட்டுவிட்டேன், வேலை முடிந்தது. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரருக்கு இது மலை. நமக்கு மூன்று வயதில் வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் நடப்பதும் இதற்குப் பக்கத்து வீடுதான். கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்கிறோம். ‘போடு’ என்றால் ‘புட்’. தள்ளி என்பதற்கு ‘ஆஃப்’. ‘புட் ஆஃப்’! விளக்கு அணைந்துபோயிற்று, ‘வென்ட் அவுட்’. இரண்டு மொழியிலும் விளக்கு எங்கேயோ போகிறது. பால் கெட்டுப்போயிற்று, இங்கிலாந்தில் ‘கான் ஆஃப்’; இங்கும் அந்தப் ‘போ’தான். பிடிவாதத்தை விட்டு இறங்கி வருவதை விட்டுக்கொடுத்தல் என்கிறோம், அவர்கள் ‘கிவ் இன்’ என்கிறார்கள். கொடுப்பது இரண்டிலும் இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள் என்பதற்கு ‘லுக் ஆஃப்டர்’; இரண்டிலும் பார்ப்பதுதான் வினை.

துணிக்கடையில் சட்டையைப் போட்டுப்பார் என்றால் ‘ட்ரை ஆன்’. விடையைக் கண்டுபிடி என்றால் ‘ஃபைண்ட் அவுட்’.

எல்லாம் இப்படி அச்சு அசலாகப் பொருந்தாது. ‘கால் ஆஃப்’ என்றால் கைவிடுவது. அழைப்பதற்கும் அதற்கும் நம் மொழியில் உறவு தேடினால் கிடைக்காது. ஆனாலும் அந்தச் சின்னச் சொற்களுக்குள் ஒரு போக்கு இருக்கிறது. ‘ஆன்’ வந்தால் பல இடங்களில் ‘கொண்டிரு’ என்ற சாயல்: ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’, ‘கீப் ஆன்’. என் மாணவி தவறவிட்ட ‘ஹேங் ஆன்’, ‘ஹோல்ட் ஆன்’ எல்லாம் இந்தக் குடும்பம்தான், விடாமல் பிடித்துக்கொண்டிரு. ‘அப்’ வந்தால் பல இடங்களில் மிச்சமில்லாமல் முடிப்பது: ‘ட்ரிங்க் அப்’ என்றால் குடித்துவிடு, ‘யூஸ் அப்’ என்றால் செலவழித்துத் தீர். ‘அவுட்’ வந்தால் தீர்ந்துபோவது: ‘ரன் அவுட்’, ‘சோல்ட் அவுட்’.

ஒரு முறை கரும்பலகையில் ‘சாப்பிட்டேன், சாப்பிட்டுவிட்டேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டுப்பார்த்தேன்’ என்று நான்கையும் எழுதி, வேறுபாட்டைச் சொல்லச் சொன்னேன். பின்வரிசையில் எப்போதும் தலை குனிந்திருக்கும் பையன் எழுந்து மூன்று நிமிடம் பேசினான். சின்னச் சொல்லொன்று வினையை எப்படித் திருப்புகிறது என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்திலும் அதுதான் நடக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் நமக்கு இது வாய்க்கவில்லை

நாம் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கற்றோம். அந்தப் புத்தக ஆங்கிலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1066-ல் நார்மன்கள் கைப்பற்றிய பிறகு இங்கிலாந்தின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் ஏறி உட்கார்ந்தன. பழைய குட்டி வினைகள் அடுப்படியிலும் சந்தையிலும் தங்கின. பாடநூலும் அரசாணையும் முதல் கூட்டத்துச் சொற்களால் ஆனவை. அதனால் ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’ நமக்கு எளிது. ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘புட் அவுட்’ கடினம். கோப்பு எழுதத் தெரிகிறது, பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசத் திணறுகிறோம்.

குட்டி வினைகள் என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. சி.கே. ஆக்டன் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் 1930-ல் 850 சொற்களே போதும் என்று ‘பேசிக் இங்கிலீஷ்’ வகுத்தார். வினைகள் 18 மட்டும். மற்ற வினைகளின் வேலையெல்லாம் ‘புட்’, ‘கெட்’, ‘கோ’, ‘டேக்’ போன்றவற்றோடு சின்னச் சொற்களைச் சேர்த்துச் சமாளிக்கப்பட்டது. பட்டியல் சுருங்கியது, கற்பவரின் சுமை அந்தச் சேர்க்கைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. இன்றும் ‘கெட்’ எல்லாருக்கும் தெரியும். ‘கெட் பை’, ‘கெட் ஓவர்’, ‘கெட் அவே வித்’ தெரியாது.

பாடத்திட்டத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. பிளஸ் டூ ஆங்கிலத் தாளின் முதல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குள் இவையும் வருகின்றன. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி தேர்வில் மரபுத்தொடர்களுக்கென்றே கேள்விகள் உண்டு. அந்தத் தேர்வுக்குப் படிப்பவர் பட்டியலை உருப்போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர் பிழைப்பு. தேர்வுக்கான பட்டியலே பேச்சுக்கான பாடமாகவும் மாறிவிட்டதுதான் கேடு.

வேறு வழி நமக்குத் தெரியாததல்ல. ஆங்கிலக் கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய சோதனையை உலகம் முழுக்க மொழியாசிரியர்கள் படிக்கிறார்கள். இலக்கணமும் சொற்பட்டியலும் நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, கணக்குப் போல விடை தேடச் செய்தார். தேடுகிற போக்கில் மொழி வந்தது. நம் மண்ணில் நடந்த அந்த வேலை நம் வகுப்பறைகளில் தங்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

என்ன செய்யலாம்

பெற்றோருக்கு முதலில். வகுப்பில் சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசுவாள்? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அச்சடித்த பட்டியலைத் தருவதற்குக் கட்டணம் தேவையில்லை. செல்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது.

மாணவர்களுக்கு: தொடர், பொருள் என்று இரண்டு பத்தி போட்ட நோட்டை மூடிவையுங்கள். புதிய நோட்டில் யார், யாரிடம், எங்கே சொன்னார், தமிழில் அந்த இடத்தில் நாம் என்ன சொல்வோம் என்று நான்கையும் எழுதுங்கள். வாரம் மூன்று போதும். ஓர் ஆண்டுக்குள் 100 ஆகிவிடும். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் ‘புட்’, ‘டேக்’ போன்ற வினையின் கீழேயே அதன் சேர்க்கைகள் எடுத்துக்காட்டுடன் இருக்கும். ஒரே நாளில் ‘புட்’டின் எல்லாச் சேர்க்கையையும் படிக்காதீர்கள், ஒன்றோடொன்று கலந்துபோகும். பொருளும் பல உண்டு, அதற்கும் பயப்பட வேண்டாம். கார்னியர், ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் 2015-ல் தொகுத்த பட்டியலில் 150 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு 288 பொருள்தான். ஒன்றுக்குச் சராசரி இரண்டு.

கிரிக்கெட் வர்ணனையைத் தமிழில் கேட்பவர்கள் வாரம் அரை மணி ஆங்கிலத்துக்கு மாற்றிக் கேளுங்கள். ஆட்டம் கண்ணெதிரே நடப்பதால் பொருள் தானாக விளங்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘சாரி, டு யு வான்ட் மி டு வெயிட்?’ என்ற ஒரு வரி அன்று என் மாணவியின் வாயில் இருந்திருந்தால் அந்த நேர்காணல் முடிந்திருக்காது. புரியாததைக் கேட்பது அவமானம் என்று நம் வகுப்பறைகள் பழக்கிவைத்திருக்கின்றன.

கல்லூரிகளில் மொழி ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. நான் பார்த்த பலவற்றில் ஆய்வுக் குழு வரும் நாளில்தான் பூட்டு திறக்கிறது. மாலை ஐந்து மணி வரை அது திறந்திருக்கட்டும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களின் ஆங்கிலப் பயிற்சியில், போனில் பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது இரண்டுக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும். செவிலியர் கல்லூரிகளில் உடற்கூறு பாடத்தோடு, நோயாளி தன் வலியை எந்தச் சொல்லில் சொல்வார் என்பதும் பாடமாக வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மதிப்பெண் கேள்வியைத் தூக்கிவிட்டு, ஐந்து வரி உரையாடலை ஒலிக்கச் செய்து, ‘இப்போது நீ என்ன செய்ய வேண்டும்?’ என்று கேளுங்கள். பொதுத்தேர்வில் உடனே முடியாதென்றால் அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணுக்குள் தொடங்கலாம். அதற்கு ஒரு செல்பேசியும் ஓர் ஒலிபெருக்கியும் போதும்.

ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் பருவத்துக்கு ஒரு முறையாவது ஒரே வகுப்பில் நிற்க வேண்டும். இந்த ஆண்டு முதல் வாரத்திலேயே எங்கள் தமிழ்த்துறை நண்பரை அழைத்திருக்கிறேன். கரும்பலகையின் இடப்பக்கம் அவர் ‘போடு’ என்று எழுதுவார். வலப்பக்கம் நான் ‘புட்’ என்று எழுதுவேன். நடுவில் கோடு போட மாட்டோம். பிள்ளைகள் வந்து எழுதட்டும். அது முடிந்ததும் இரண்டு இரண்டு பேராக வராந்தாவின் இரு முனைகளில் நின்று போனில் பேச வேண்டும். ஒருவர் ‘ஹேங் ஆன் அ செகண்ட்’ என்று சொல்லிவிட்டு நூறு வரை எண்ணுவார். மற்றவர் போனைக் காதிலிருந்து எடுக்கக் கூடாது.